காப்பி எடுக்க ஏற்ற டிரைவ்

சிடி காப்பி எடுக்க டிரைவ் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். வேகத்தில் ஒன்றும் இல்லை. எழுதிய சிடியை ஊரிலுள்ள எல்லா டிரைவும் படிக்க வேண்டும், அதுதான் முக்கியம். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் அந்த டிரைவைப் பற்றிக் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கோர்ட்டில் கொடுக்க வேண்டிய சிடிகளை வக்கீல்கள் என்னிடம்தான் காப்பி எடுப்பார்கள். மூலத்தில் உள்ளதுதான் காப்பியிலும் இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நாங்கள் சமணர்கள். எறும்பைக்கூட மிதிக்காதவன், பொய் சொல்ல மாட்டான் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நானாகக் கேட்டு வாங்கவில்லை. ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

கார்த்திகையில் ஒரு மதியம் வக்கீல் சிவசங்கரும் கலைவாணி என்ற பெண்ணும் வந்தார்கள். அவள் புருஷன் தனகோட்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். முந்தின மாதம் வல்லம் சாலையில் மீனம்பாள் என்ற பெண் வண்டி மோதிச் செத்துப்போயிருந்தாள். அதற்கு முதல் நாள்தான் வரப்புத் தகராறில் தனகோட்டி அவளைப் பார்த்து, "வண்டிய ஏத்தி நசுக்கிடுவேன்" என்று நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறான். கொலை வழக்குப் போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஆனால் அவள் அடிபட்டதாகப் போலீஸ் சொன்ன சாயங்கால நேரத்தில் அவன் ஊருக்கு மறுபக்கம் கடலை மண்டியில் இருந்தான். மண்டி கேமராவில் அது மணி நிமிடத்தோடு பதிவாகியிருந்தது. கேமரா பதினைந்து நாளில் பழையதை அழித்துவிடும். மண்டிக்காரர் அதற்குள் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். இருந்தது அந்த ஒரு சிடிதான். கலைவாணி அதை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஸ்ரேயாம்ஸ் அண்ணே, அவரு உசுரே இதுலதான் இருக்குது. பாத்து எடுத்துக் குடுங்க."

"மூணு காப்பி சார்," என்றார் வக்கீல். "என் லேப்டாப்புல சிடி போடற எடமே இல்ல. இருந்தா அதுலயும் ஒண்ணு ஏத்தி வெச்சிருப்பேன்."

முதலில் கடையிலிருந்த புதிய டிரைவில் போட்டுப் பார்த்தேன். தனகோட்டி மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மூலையில் மணி நாலு ஐம்பத்தெட்டு. கலைவாணி விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன்.

மேசைக்கடியில் இன்னொரு பழைய டிரைவ் கிடந்தது. அதில் லென்ஸ் இடம் விலகியிருந்தது. அது எழுதும் சிடி அதே டிரைவில் ஓடும், வேறு எதிலும் ஓடாது. சுழலும் பாகமும் ஆட்டம் கண்டிருந்தது. வேகமாகச் சுற்றினால் சிடியின் அடியில் வட்டமாகக் கீறல் விழும். குப்பையில் போட்டிருக்க வேண்டியது. நான் அதை எடுத்து மாட்டினேன்.

மூன்று காப்பியும் அதில்தான் எழுதினேன். ஒவ்வொன்றையும் அதிலேயே போட்டு வக்கீலுக்குக் காட்டினேன். நன்றாக ஓடியது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் போன் பேச வெளியே போனார். கடைசியாக மூல சிடியை அதில் போட்டு முழு வேகத்தில் சுற்ற விட்டேன்.

"இன்னா சத்தம்ணே அது?"

"பழைய டிரைவும்மா. அப்படித்தான் கத்தும்."

"சிடிக்கு ஒண்ணும் ஆவாதே?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பொய் வராது. சத்தம் நின்றதும் நானே எல்லாவற்றையும் உறையில் போட்டு, கோர்ட்டில்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லி ஒட்டிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததை அன்றைக்கே அழித்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பொழுது சாய்ந்தால் நாங்கள் சாப்பிடுவதில்லை. விளக்குக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக. ஐப்பசியில் சீக்கிரம் இருட்டிவிடும். அன்று வல்லத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு காரில் வேகமாகத்தான் வந்தேன். மீனம்பாள் புல்லுக்கட்டோடு குறுக்கே வந்தாள். இறங்கிப் பார்த்தேன். மூச்சு இருந்தது. தண்ணீர் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் யார் மோதியது என்று கேட்பார்கள், சாப்பாட்டு நேரமும் தவறிவிடும். அவளைப் புளிய மரத்தடியில் கிடத்திவிட்டு, வெயில் படாமல் முகத்தில் முந்தானையை இழுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தேன். இரவு முழுவதும் அவள் கிடந்திருக்கிறாள் என்று பிறகு சொன்னார்கள்.

தனகோட்டி வெளியே வந்தால் போலீஸ் வேறு வண்டியைத் தேடும். எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

பதினோரு மாதம் கழித்துக் கோர்ட்டில் உறையைப் பிரித்தார்கள். காப்பி எதுவும் ஓடவில்லை. மூலத்தில் வட்டக் கீறல். மண்டியில் அன்று யார் யார் நின்றார்கள் என்று மண்டிக்காரரால் சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை. கடையில் ஓடியதா என்று என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். ஓடியது என்றேன். எந்த டிரைவில் என்று ஒருவரும் கேட்கவில்லை. தனகோட்டிக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

மறுவாரம் கலைவாணி கடைக்கு வந்தாள். அவர்கள் தரப்புக் காப்பி கையில் இருந்தது.

"மேல் கோர்ட்டுக்குப் போவணும்னா இதாச்சும் ஓடணும்னு வக்கீலு சொல்றாரு. இன்னொரு வாட்டி போட்டுப் பாருண்ணே."

புதிய டிரைவில் மூன்று முறை போட்டேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. பழைய டிரைவ் அவள் காலடியில்தான் கிடந்தது. போன தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டவள்தானே அவள்? 'இதுல போட்டுப் பாருண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். கட்டிய புருஷனுக்காக அதைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. அதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.