ஒன்பதாம் அறையின் பூட்டு

காபிக்கு நன்றி. நல்ல சூடாக இருக்கிறது. எங்கள் சிறையில் காவலர் ஓய்வறைக் காபி இயந்திரத்தைப் பழுது பார்க்க வைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. ஏழு கடிதம் எழுதினேன். நான் பொறுமையில்லாதவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் இதைச் சொல்கிறேன்.

பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் டோரீன் ட்ராம்ப்லி. வயது ஐம்பத்து மூன்று. நியூயார்க் மாநிலம், ஹாவர்லி மாவட்டச் சிறையில் இருபத்திரண்டு வருடமாகக் காவலர். அதில் ஒன்பது வருடம் காவலர் சங்கத் தலைவி. விசாரணையின்போது சங்கத்துப் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் உட்காரலாம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைப் போராடி வாங்கியது நான்தான். இன்று எனக்கு யாரும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

காவலர் வேட் லப்ளான்ட் அடிபட்ட வழக்கு முடிந்துபோனது என்பது எனக்குத் தெரியும், மிஸ்டர் ஆஸ்ட்ரான்டர். பதினான்கு மாதத்துக்கு முன்பு நீங்களேதான் விசாரித்து முடித்து வைத்தீர்கள். உங்கள் அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

சி பிளாக்கில் நாற்பத்தெட்டுக் கைதிகள். அவர்களுக்கு ஒரு காவலர். மழையோ பனியோ, திருநாளோ எதுவோ, ஒரே ஒருவர். இடுப்பில் ஒரு வாக்கி-டாக்கி, ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான். அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரிய வேண்டும். பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாது. ஒன்பதாம் அறைக் கதவு இன்னும் மோசம். சாத்தினால் பூட்டிவிட்டது என்று பச்சை விளக்கு காட்டும். ஆனால் தாழ் முழுதாக இறங்கியிருக்காது. தோளால் நாலு இடி இடித்தால் திறந்துகொள்ளும். அந்தப் பூட்டைப் பற்றி மட்டும் பதினொரு புகார் கொடுத்தேன். பிறகு நானே ஒரு சிவப்பு அட்டையில் ‘யாரையும் அடைக்கக் கூடாது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தக் கதவில் ஒட்டினேன். எட்டு மாதம் அந்த அறை காலியாகவே கிடந்தது.

மரிஸா கோஃபைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் காவலர்தான். ஐந்து மாதக் கர்ப்பிணி. காலை உணவு கொடுக்கும்போது ஒரு கைதி கொதிக்கும் கஞ்சியை அவள் முகத்தில் வீசினான். கழுத்தெல்லாம் கொப்புளம். மருத்துவமனையில் மருந்து தடவி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தின் படிவத்தில் காயம் இரண்டே வகை. மருத்துவமனையில் படுக்க வைத்தால் பெரிய காயம், இல்லாவிட்டால் சிறு காயம். பெரிய காயத்துக்குத்தான் பணிக்காய விடுப்பும் முழு மருத்துவச் செலவும். மரிஸாவுடையது சிறு காயமாம். தன் சொந்த விடுப்பில் மூன்று நாள் இருந்துவிட்டு, கழுத்தில் கட்டோடு திரும்பி வந்தாள்.

அடுத்த வாரம் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை. எதிரே மாவட்ட நிர்வாகி ஹாலக். பழைய ஒப்பந்தம் காலாவதியாகி அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது. பிளாக்குக்கு இரண்டு காவலர், புதிய பூட்டுகள், வேலை செய்யும் பொத்தான்கள். நாங்கள் கேட்டது இவ்வளவுதான். புகார்க் கட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“வருஷா வருஷம் இதே பாட்டுதான் பாடுறீங்க டோரீன். இதுவரைக்கும் பெருசா ஒண்ணாவது நடந்துச்சா? பேப்பரக் காட்டாதீங்க. சம்பவத்தக் காட்டுங்க.”

“மரிஸா கழுத்தப் பாத்தீங்களா?”

“அது சின்னக் காயம். படிவத்துல அப்படித்தான் இருக்கு. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இந்த வேலைக்கு எதுக்கு வரணும்? நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.”

சொல்லிவிட்டு அவர் சாண்ட்விச்சைப் பிரித்தார். வான்கோழி இறைச்சி. கடுகுச் சாந்து விரலில் ஒட்டியதை நக்கினார். எனக்குள் கோபம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. வீட்டுக்குக் காரோட்டிப் போகும் வழியில், ஏரியோரமாக வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தேன். அந்த ஆள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவருக்கு வேண்டியது ஒரு சம்பவம். இத்தனை வருடப் பேச்சுவார்த்தையில் அவர் எங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

எப்படியும் நடக்கப்போவதுதான். அந்தக் கதவும் தனி ஆளாக ஒரு காவலரும் இருக்கிற வரை, இன்றில்லாவிட்டால் நாளை யாராவது அடிபடுவார்கள். அது யார், எப்போது என்பதை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுவதுதான் பொறுப்பற்ற செயல் என்று எனக்குப் பட்டது. நாளைக்கு மரிஸாவாக இருந்தால்?

ஆகவே நான் ஆள் பார்த்தேன். வேட் ஆறடி மூன்று அங்குலம். பள்ளிக் காலத்திலிருந்து ஐஸ் ஹாக்கி ஆடியவன். மூக்கு ஏற்கெனவே இரண்டு முறை உடைந்தது. மனைவி மக்கள் இல்லை. ஒரு தங்கை மட்டும். எங்களுக்கெல்லாம் முந்தைய ஓர் ஒப்பந்தத்தின் கீழ் சேர்ந்தவன் என்பதால் மருத்துவச் சலுகை எங்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் அதிகம். வேறு யாருக்கு நடந்தாலும் இதைவிடக் கஷ்டமாகியிருக்கும். ஒரு விலா எலும்பு, சில தையல், ஒரு வாரம் மருத்துவமனைப் படுக்கை, பிறகு முழுச் சம்பளத்தோடு ஓய்வு. என் மனதில் இருந்தது அவ்வளவுதான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கோரி ஃபின் என்ற கைதிக்கு வேட் மேல் வன்மம் இருந்தது. அவன் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது, நேரமாகிவிட்டது என்று வேட் அவன் தொலைபேசி அழைப்பைத் துண்டித்தான். சிறை விதி அப்படி. ஃபின் வேட் மேல் பாய்ந்தான். அதற்காக அவனை நாள் முழுக்க அறைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்கள். நான்காம் அறையில் இருந்தான்.

அக்டோபர் பதினேழு, காலை. நான்காம் அறையில் கழிப்பறைக் குழாய் ஒழுகியது. அது தானாகத்தான் ஒழுகியது. அதில் எனக்குப் பங்கில்லை. அன்று கட்டுப்பாட்டு அறையில் நான். கைதியை எங்கே மாற்றுவது என்று சொல்ல வேண்டியது அங்கே இருப்பவர். சி பிளாக்கில் அன்று மரிஸாவின் முறை. வேட் ஓய்வறையில் இருந்தான், போய்ப் பிடித்தேன்.

“வேட், இன்னைக்கு சி பிளாக்க நீ பாத்துக்கறியா? மரிஸாவுக்கு முதுகு வலி, பாவம்.”

“தலைவி சொன்னா தட்ட முடியுமா? ஆனா மான் வேட்டை தொடங்குற அன்னைக்கு லீவு எனக்குத்தான். இப்பவே எழுதி வச்சுக்கோ.”

“எழுதிக்கிட்டேன்.”

“பேனாவையே எடுக்கல. பொய்க்காரி!” என்று சிரித்தான். என் தட்டிலிருந்து ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கு முன்பே ஒன்பதாம் அறைச் சிவப்பு அட்டையை உரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஃபின்னை அங்கே மாற்றச் சொன்னதும் வேட் வாக்கி-டாக்கியில் கேட்டான்.

“ஒன்பதா? அந்தப் பூட்டு சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு. பச்ச விளக்கு எரியுது பாரு,” என்றேன்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஃபின்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடைபட்டவன் கதவை எத்தனை தடவை தள்ளிப் பார்ப்பான் என்பது இருபத்திரண்டு வருடம் பார்த்த எனக்குத் தெரியும். பதினொன்று இருபதுக்கு வேட் மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தான். எட்டாம் அறையில் குனிந்து தட்டை வாங்கும்போது ஒன்பது திறந்தது.

இதுவரை உள்ளதை, அட்டை நீங்கலாக, நீங்களே ஓரளவு கண்டுபிடித்தீர்கள். பழைய பூட்டு, மாவட்டத்தின் அலட்சியம் என்று எழுதினீர்கள். அது உண்மைதான். அலட்சியம்தான். உங்கள் அறிக்கை வந்த பதினோராம் நாள் ஹாலக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பிளாக்குக்கு இரண்டு பேர். எல்லாக் கதவுக்கும் புதிய பூட்டு. எல்லார் இடுப்பிலும் புதிய பொத்தான். கையெழுத்தானதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒண்ணு நடக்கணும்னு யாருமே நெனக்கலை, டோரீன்,” என்றார். கண் கலங்கியிருந்தது. “ஆமா, யாரும் நெனக்கலை,” என்றேன். அன்றிலிருந்து எங்கள் சிறையில் ஒரு காவலருக்கும் ஒரு கீறல் இல்லை. மரிஸாவுக்குப் பெண் குழந்தை. ஃபின்னுக்கு இன்னும் பதினெட்டு வருடம் போட்டார்கள். அவன் என் சங்கத்து ஆள் இல்லை.

வேட் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். பேச்சு வராது. வலது பக்கம் அசையாது. வியாழக்கிழமை தோறும் நான் போய் அவனுக்கு ஊட்டிவிடுகிறேன். மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் கூழ். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மூளையில் அடிபட்டவர்கள் அப்படித்தான் என்று நர்ஸ் சொன்னாள்.

போன வியாழன் அவன் தங்கை ஜோலீன் அங்கே இருந்தாள். கையில் மாவட்டத்திலிருந்து வந்த கடிதம். அதை என் மடியில் எறிந்தாள்.

“படிச்சுப் பாரு டோரீன். எங்கண்ணன் பொத்தானையே அழுத்தலையாம். அவனோட கவனக்குறைவாம். அதனால பணிக்காயச் சலுகை எல்லாத்தையும் நிறுத்துறாங்களாம். கதவப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்கறவன் அவன்! அவனுக்கா கவனக்குறைவு?”

“நீ அழாத. இத நான் பாத்துக்கறேன்.”

“நீ மட்டும்தான் வர்ற. அவன்கூட வேல பாத்த ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல. உன்ன விட்டா அவனுக்கு யாரு இருக்கா?”

நடந்தது இதுதான். அன்று பொத்தான் வேலை செய்யவில்லை என்று நான் சொன்னேன். ரொட்டி லாரிக்கு வாசற்கதவைத் திறந்துகொண்டிருந்தேன், திரையைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். கேமராவில் வேட்டின் முதுகுதான் தெரிந்தது, கை தெரியவில்லை. இப்போது ஹாலக்கின் வக்கீல்கள் அந்தப் பழைய பொத்தானைத் தோண்டியெடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அது நன்றாக வேலை செய்கிறதாம். அப்படியென்றால் வேட் அழுத்தவில்லை என்கிறார்கள். பேச முடியாத ஒருவன் மேல், திருப்பிச் சொல்ல வாயில்லாதவன் மேல், பழியைத் தூக்கிப் போடுகிறார்கள். அந்தக் கடிதத்தை எழுதிய கையை முறித்தால் என்ன என்று எனக்கு இருக்கிறது. மன்னிக்கவும். நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை.

வேட் பொத்தானை அழுத்தினான். முதல் அடி விழுந்த மூன்றாவது வினாடி அழுத்தினான். என் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது, எச்சரிக்கை மணியும் அடித்தது. மணியை நிறுத்த ஒரு விசை உண்டு. நிறுத்தினேன். லாரி எதுவும் வரவில்லை.

முகத்தில் இரண்டு குத்து விழுந்திருந்தது. மரிஸாவின் கழுத்தைவிட அது பெரிதில்லை. இதையும் ஹாலக் சிறு காயம் என்பார் என்று தோன்றியது. காத்திருந்தேன். வேட் எழுந்துவிட்டான். எழுந்து நடக்கிறவனை மருத்துவமனையில் படுக்க வைக்க மாட்டார்கள். காத்திருந்தேன். ஃபின் சாப்பாட்டு வண்டியின் இரும்புக் கைப்பிடியைப் பிடுங்கினான். பொத்தான் விளக்கு மறுபடி எரிந்தது. மொத்தம் ஐந்து தடவை எரிந்தது. ஐந்தாவது தடவைக்கு முன்னால் வேட் கேமராவை நிமிர்ந்து பார்த்தான். நான் அங்கே இருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். நான்கு நிமிடம் பத்து வினாடி கழித்து உதவிக்கு ஆட்களை அழைத்தேன். அதற்குமேல் எந்தப் படிவத்திலும் சந்தேகம் இருக்காது.

ஆகவே உங்கள் அறிக்கையைத் திருத்துங்கள். காவலர் வேட் லப்ளான்ட் விதிப்படி செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான், ஐந்து முறை செய்தான் என்று எழுதுங்கள். நகல் ஒன்று ஹாலக்குக்கும் ஒன்று ஜோலீனுக்கும் போக வேண்டும். சலுகையை அவர்கள் திரும்பக் கொடுத்தே ஆக வேண்டும். என் மேல் என்ன வழக்குப் போடுகிறீர்களோ, போடுங்கள். நான் மறுக்கப் போவதில்லை.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது, அதையும் அடிக்கச் சொல்லுங்கள். சம்பவத்தின்போது அவன் தனியாக இருந்தான் என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய். அந்த நான்கு நிமிடமும் நான் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.