பேட்டரி இல்லாத விளக்கு

சாயங்காலம் ஏழு மணி. புக்கிட் பாத்தோக் மலையடிச் சாலையில் ஈ காக்கை கிடையாது. எண்பத்தைந்தில் அங்கே பாதி அடுக்குமாடி ப்ளாக்கில்தான் ஆட்கள் குடியேறியிருந்தார்கள். சாலை முடிகிற இடத்து ப்ளாக்கில் நம் ஜார்ஜின் சித்தப்பா இஞ்ஞாசி இருந்தார்... சிரிக்காதே லீலா. ஜார்ஜ் அழுதுகொண்டே என்னிடம் சொன்னது இது.

ஜாலான் புசாரில் ரேடியோ ரிப்பேர் கடை அவருக்கு. மலைமேல் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறதல்லவா, அதிலிருந்து காற்றில் வருகிற அலையைப் பிடித்தே ஒரு குட்டிச் சிவப்பு விளக்கை எரிய வைத்தார். பேட்டரி இல்லை, பிளக் இல்லை. சமையலறையில் குறுக்கே கட்டிய ஒரு செம்புக் கம்பி, அவ்வளவுதான். விளக்கு ஹாலில், திரு இருதயப் படத்துக்குக் கீழே.

ரோசம்மா சித்தி நல்ல குள்ளம். தினமும் ஏழு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்ததும் ஈரக் கையோடு பிடிதுணியை அந்தக் கம்பியில் போடுவார். ஆள் தொட்டால் போதும், ஹாலில் விளக்கு மங்கிவிடும்.

"கம்பியில கை வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது!"

"உங்களுக்குத்தான் கம்பி. எனக்குத் துணிக்கொடி லா."

தினமும் இதே சண்டை. ஒருநாள் மார்வலி என்றார் சித்தி... ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

மனுஷன் உடைந்துபோனார். ஒவ்வொரு சாயங்காலமும் விளக்குக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒரே வேண்டுதல். "ரோசா, ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போம்மா."

ஏழு மணிக்கு விளக்கு மங்கும். கொஞ்ச நேரம்... பிறகு பளிச். சோப்பு வாசனைகூட வருமாம்.

ரிப்பேர்காரப் புத்தி என்ன செய்யும்? கம்பி தளர்ந்து எதிலோ உரசுகிறது என்று நினைத்தார். ஏணி போட்டு ஏறி, சீலிங்கை ஒட்டி உயரக் கட்டினார். அதன்பிறகு விளக்கு மங்கவே இல்லை. "இனிமே உன் விளக்கு நின்னு எரியும் ரோசா" என்று பெருமை வேறு, பாவம்.

ஒரே தொல்லை, சமையலறைத் தரையில் தினமும் ஈரம். குழாய் ஒழுகுகிறது என்று துடைத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் போயிருந்தான். அதே ஏழு மணி. சமையலறையில் தப்... தப்... யாரோ எம்பிக் குதிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தான். ஆள் இல்லை. கம்பிக்கு நேர்கீழே ஈரக் கால்தடம்.

"சித்தப்பா, இங்க வாங்க... விரல் மட்டும்தான் இருக்கு. குதிகாலே இல்ல."

சித்தப்பா தரையைப் பார்த்தார். நிமிர்ந்து கம்பியைப் பார்த்தார். ஐயோ, அவர் அழுத அழுகை! "வந்திருக்காடா... தினமும் வந்திருக்கா. அவளுக்கு எட்டல."

அப்போதே கம்பியைப் பழைய உயரத்துக்கு இறக்கினார். மறுநாள் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மணி ஆயிற்று. மங்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. எழுந்து போய், கம்பிக்குக் கீழே தரையைக் கையால் தடவிப் பார்த்தாராம்.

காய்ந்து கிடந்தது.