பின் சீட்டில் ஏற்றிய ஆள்

உச்சி வெயில் நேரம். இலுப்பூரைத் தாண்டி, இருபுறமும் தைல மரம் மட்டுமே நிற்கும் சாலை. ஈ, காக்கை இல்லை.

பேய் ராத்திரியில்தானே வரும் என்று கேட்காதீர்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கல்லூரி விடுதிகளில் இந்தக் கதை, யாரோ ஒரு நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்ததாகச் சுற்றுகிறது. அந்தச் சித்தப்பா என் கணவர், மரியசெல்வம். காரில் நானும் இருந்தேன்.

அவர் முதலில் போலீஸ். கான்ஸ்டபிளாகச் சேர்ந்த புதிதில், இதே சாலையில் லாரி அடித்துப்போட்ட ஒருவருக்குக் காவல் நின்றார். ஆள் கிடந்தது இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில். போன் செய்தார். "அது எங்க லிமிட் இல்ல, தொடாத" என்றது ஒரு ஸ்டேஷன். அடுத்ததும் அதையே சொன்னது. கிடந்தவர் தண்ணீர் கேட்டார். பிறகு கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

என் கணவர் வேலையை விட்டார். படித்தார், டாக்டர் பட்டம் வாங்கினார், குற்றவியல் பேராசிரியர் ஆனார். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரே பாடம்: "எல்லையெல்லாம் பொறவு. மொதல்ல ஆளத் தூக்கு." மாணவர்கள் 'லிமிட் சார்' என்று பெயர் வைத்தார்கள். நானும் விடமாட்டேன். "லிமிட் சார், சோத்துக்கு லிமிட் உண்டா?"

அன்று சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவர், சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

"ஐயோ... ஆளு கெடக்கு."

சாலையில் எதுவும் இல்லை. கானல் மட்டும்.

"எங்கங்க?"

இறங்கி ஓடினார். குனிந்தார். இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து எதையோ தூக்கினார்... பாரத்தில் அவர் முழங்கால் மடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"பின் கதவத் தொற, பிளெஸ்ஸி!"

திறந்தேன். வேறு என்ன செய்வேன்?

பின் சீட் முனகி அமுங்கியது. பெட்ரோல் வாடை. அதற்கடியில்... துருப்பிடித்த இரும்பு மாதிரி இன்னொரு வாடை.

கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினார். "கொஞ்சம் பொறுங்கண்ணே. இந்தத் தடவ விடமாட்டேன். இந்தா, வந்தாச்சு." பின்னால் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். நான் திரும்பவில்லை. செபமாலையை எடுக்கப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கத்தினார். தள்ளிக்கொண்டு வந்தவர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆளே இல்லையே சார். மண்டைக்கு வெயிலு ஏறிருச்சா?"

"இந்தா கெடக்காருய்யா! ஒனக்குக் கண்ணு தெரியல?"

கத்தும்போதே நெஞ்சைப் பிடித்தார். அந்த ஸ்ட்ரெச்சரில் அவரைத்தான் கிடத்தினார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு ஓடும்போதும் என் கையை விடவில்லை.

"அவர எறக்கிட்டாங்களா?"

"எறக்கிட்டாங்க" என்றேன்.

பிடி தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

அடக்கம் முடிந்த மாலை, அவர் தம்பி ஆரோக்கியதாஸ் அதே காரில் என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். கொஞ்ச தூரம் போயிருப்போம்... டிங், டிங், டிங்.

"பெல்ட் போடுங்க மதினி."

போட்டிருந்தேன். அவரும் போட்டிருந்தார். டாஷ்போர்டில் எரிந்தது பின் சீட்டு பெல்ட்டுக்கான விளக்கு. அந்தக் காரில், பின்னால் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால்தான் அது எரியும்.

"பின்னாடி பையி எதுவும் வச்சிருக்கீங்களா?"

"இல்ல தம்பி."

"அப்ப சென்சார்தான். இப்புடித்தான் படுத்தும்."

ஓரம் கட்டினார். பின் கதவைத் திறந்து, காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

வண்டி நகர்ந்தது. டிங், டிங். இந்த முறை பின் சீட்டின் மறுபக்கத்துக்கான விளக்கு. இறங்கிப் போய் அதையும் மாட்டினார். திரும்பி வந்தவர், பின் சீட் தெரியாதபடி கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு பட்டைகளும் சீட்டோடு படியவில்லை. யாருடைய மார்பையோ சுற்றிக் கிடப்பதுபோல் முன்தள்ளி நின்றன. இரண்டாவதாக மாட்டியது அசையவே இல்லை.

முதலில் மாட்டியது... அன்று பின்னால் கேட்ட அதே மூச்சுக்கு, மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது.