கந்தல் கூடத்தில் சுழன்ற முதல் விசிறி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மார்ஜரி அம்மையார் அவர்களே! முழங்கால் வலியை மறைத்து முகமலர்ந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! பேட்லி நகரத்து ஆலைகளில் பாடுபட்டுப் பிள்ளை வளர்த்த தாய்மார்களே! இந்த எழுபது வயதுக்காரியின் வணக்கத்தை ஏற்றருளுங்கள்.

நம் ஓல்ட்ராய்ட் விசிறி ஆலைக்கு இன்று ஐம்பது வயது. சுரங்கத்துக்கும் கப்பலுக்கும் காற்றுத் தந்த ஆலை! அது எங்கே பிறந்தது? வங்கியிலா? பல்கலைக்கழகத்திலா? இல்லை அன்பர்களே, அது இருமலில் பிறந்தது!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு. பழந்துணியை மறுபடி நூலாக்கும் கிராப்ட்ரீ ஆலையின் கந்தல் பிரிக்கும் கூடத்தில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள். துணியைக் கிழித்தால் தூசி. வாயைத் திறந்தால் தூசி. ரொட்டியைப் பிரித்தால் அதிலும் தூசி! எங்களில் அதிகம் இருமியவள் ஏடா. அவள் கணவர் ஈனாக் ஓல்ட்ராய்ட் தகரவேலைக்காரர். மனைவியின் இருமல் பொறுக்காமல் தகரத்தை வெட்டினார், வளைத்தார், தூசியை வெளியே தள்ளும் விசிறி ஒன்று செய்து எங்கள் சன்னலில் பொருத்தினார். அன்றுதான் எதிரே இருந்தவளின் முகத்தை நான் தெளிவாகப் பார்த்தேன்!

குளிர்காலம் வந்தது, முதலாளி கிராப்ட்ரீயும் வந்தார்.

"உன் புருஷனோட விசிறி கூடத்துச் சூட்டையெல்லாம் வெளிய துப்புது, ஏடா!" என்று அதைக் கழற்ற வைத்தார்.

ஏடாவோ கந்தல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கொட்டும் பனிமழையில், முற்றத்தில் போய் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். பின்னாலேயே நாங்கள் பதினொரு பேர்! என்ன ஆர்தர், சிரிக்கிறாய்? உன் அம்மாவும் அதில் ஒருத்திதானப்பா!

"ஐயோ, சரக்கு நனையுதே!" என்று ஓடிவந்தார் முதலாளி.

"சரக்கு நனைஞ்சா காய வச்சுக்கலாம், ஐயா. நெஞ்சு போனா எதை வச்சு மூச்சு விடறது?" என்றாள் ஏடா.

மூன்றாம் நாள் விசிறி சன்னலுக்குத் திரும்பியது. ஆனால் ஏடாவின் நெஞ்சு திரும்பவில்லையே! வசந்தம் வருமுன் அவளை அடக்கம் செய்தோம். "இனிமே யாருக்காகச் செய்யணும்?" என்று ஈனாக் பட்டறையைப் பூட்டிவிட்டார்.

ஒரு ஞாயிறு, பக்கத்து ஆலைப் பெண்கள் முப்பது பேர் அவர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் நெல்லி சக்டன் என்பவள் கதவைத் தட்டினாள்.

"ஈனாக், ஏடாவுக்குக் காலம் கடந்துபோச்சு. எங்களுக்கு இன்னும் கடக்கலப்பா."

பிறகு கதவு திறந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டு அந்த மனிதர் கேட்டது இரண்டே சொல்:

"எத்தனை சன்னல்?"

அந்தக் கேள்விதான் அன்பர்களே, இந்த ஆலையின் அடிக்கல்! இவ்வளவு நேரம் இருமாமல் பேசவிட்ட காற்றுக்கும், இருந்து கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி! வணக்கம்!