கை தூக்கத் தேவையில்லாதவன்

மிளகு சூப் ஆறிவிட்டால் கெளுத்தி மீன் கவுச்சி அடிக்கும். அதனால் முதலில் சாப்பிடுங்கள், விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தலைநகர் அபுஜாவிலிருந்து விசாரிக்க வந்த யாரையும் நான் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. உங்களுக்கு முன்னால் வந்த இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், அறிக்கையையும் நன்றாகவே எழுதினார்கள். நீங்கள்தான் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை எடுக்கிறீர்கள். இளம் வயது, போகட்டும்.

வாடகைப் படகில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றீர்கள். இந்த ஊரில் எங்கே தேடினாலும் கிடைக்காது. என் வீட்டுக் கொல்லையில் மண்ணுக்கு அடியில் கம்பெனிக் குழாய் போகிறது. அதில் ஓடும் கச்சா எண்ணெய் கடலுக்குப் போய்க் கப்பலேறி, எந்த நாட்டிலோ பெட்ரோலாகி, மறுபடி கப்பலேறி லாகோஸுக்கு வந்து, அங்கே வரிசையில் நிற்பவர்களுக்கே பத்தாமல் போய்விடுகிறது. நம் சுத்திகரிப்பு ஆலையை நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பழுதுபார்க்கிறார்கள். பழுதுபார்ப்பதில் நம்மவர்களுக்கு இருக்கும் பொறுமை உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. நீங்கள் கவலைப்படாதீர்கள், திரும்பிப் போக நான் வழி செய்கிறேன்.

வரும்போது கழிமுகத்து ராணுவ முகாமைத் தாண்டுகையில் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினீர்களாம். என் ஆட்கள் பார்த்துச் சொன்னார்கள். அந்த மிதவை முகாமைத் தாண்டும் எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும். கையில் ஆயுதம் இல்லை, நான் எண்ணெய்த் திருடன் இல்லை என்று காட்டுவதற்காக. மீன்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குவாள். பாதிரியார் பைபிளோடு தூக்குவார். மடியில் இருக்கும் குழந்தை ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தானும் தூக்கிச் சிரிக்கும். சொந்த ஆற்றில் சந்தைக்குப் போய்வர இப்படி ஒரு கும்பிடு. இதை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் பெயர் பெரெகெமே. சீஃப் என்ற பட்டம் பிறகு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் நான் குழாய் உடைத்துப் பிழைத்தவன். துப்பாக்கியை ஒப்படைத்தால் பொது மன்னிப்பு, கூடவே மாதச் சம்பளம் என்று அரசாங்கம் அறிவித்தது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்தேன். உடனே என்னைத் தளபதி என்று பதிந்துகொண்டார்கள். எங்களைத் திருத்த வேண்டும் என்று வெளிநாட்டுக்கு அனுப்பி வெல்டிங் கற்றுக்கொடுத்தார்கள். யாருடைய யோசனையோ, அவர் நன்றாக இருக்க வேண்டும். அதுவரை ரம்பத்தால் அறுத்து, பாதி எண்ணெயைத் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்த பிறகு ஒரு சொட்டுச் சிந்தாமல் எண்ணெய் எடுக்கக் குழாயில் வால்வு பொருத்தினோம்.

அதே குழாயைக் காவல் காக்கும் ஒப்பந்தமும் எனக்கே வந்தது. உடைத்தவனுக்குத்தான் காக்கத் தெரியும் என்று கம்பெனி நினைத்தது. தப்பான நினைப்பு இல்லை. இன்றைக்கு இந்த ஊரில் பாதி வீட்டுக் கொடியில் என் காவல் சீருடைதான் காய்கிறது. அந்த வீடுகளில் அடுப்பு எரிவது என்னால்தான்.

காவல் தொழிலில் ஒரு பக்குவம் இருக்கிறது. குழாய் அடிக்கடி உடைந்தால் ஒப்பந்தம் போய்விடும். உடையவே இல்லையென்றாலும் போய்விடும். குழம்புக்கு உப்புப் போடுவது மாதிரி அளவாக உடைய வேண்டும். அந்த அளவு என் கைக்குத் தெரியும். கொஞ்சம் எண்ணெய் காணாமல் போகும், நான் போய் வருத்தப்படுவேன், கம்பெனி பயப்படும், ஒப்பந்தம் நீளும். காணாமல் போனது எங்கே போயிற்று என்று கேட்கக்கூடிய நாலைந்து பெரிய மனிதர்களுக்கும் அதில் பங்கு உண்டு, அதனால் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் சேர்ந்து அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் என் அக்கா எபியேரே வந்தாள்.

"தம்பி, படிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கான் டாரிலா. வேலை தேடி வடக்க போறேங்கறான். அங்க சந்தைக்குள்ளயே குண்டு வெடிக்குது. உன் கண்ணு முன்னாடி இருந்தான்னா நான் நிம்மதியா தூங்குவேன்."

தாய்மாமன் நான், எப்படி மறுப்பேன்? ஒரு நீலப் படகையும் வடக்குக் கழியில் ஒரு பகுதியையும் கொடுத்தேன். டாரிலா செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். காவல்காரன் என்றால் காவல் காக்க வேண்டும் என்று நினைத்துவிட்டான். அலையாத்திக் காட்டுக்குள் ஒவ்வொரு ஓடையாக நுழைந்து பார்த்தான். வால்வுகளைக் கண்டுபிடித்து மூடினான். திருட்டுப் படகுக்காரர்கள் என்னிடம் வந்து அழுதார்கள், அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனியிலிருந்து மேலாளர் அடெயெமி போன் செய்தார்.

"சீஃப், அசத்திட்டீங்க. ஒரு சொட்டு கூட போகல. மேலிடத்துல ஒரே சந்தோஷம்."

"எல்லாம் உங்க ஆதரவு சார்."

"அதான், இவ்ளோ அமைதியான ஊருக்கு இத்தன காவலாளி எதுக்குன்னு கேக்கறாங்க. புது வருஷத்துலருந்து பாதி ஆளு போதுமாம்."

நேர்மை எத்தனை குடும்பங்களின் வாயில் மண்ணைப் போடும் என்று டாரிலாவுக்குப் படிப்பில் சொல்லித் தரவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"மாப்ள, அப்பப்ப கொஞ்சம் கண்ண மூடிக்கடா."

"கண்ணத் தொறந்து வச்சிக்கத்தானே மாமா சம்பளம் தர்றீங்க?"

"ஊரு பொழைக்கணும்ல?"

"ஊரா?" என்று சிரித்தான். "ஓடையில மீன் பூரா செத்து மெதக்குது. அம்மா வலைய எடுத்து மடிச்சு வச்சு எவ்ளோ நாளாச்சு. நீங்க என்னடான்னா ஊரு பொழைக்கணுங்கறீங்க. மாமா, நேத்து ஒரு வால்வுலருந்து போற குழாயப் புடிச்சு அது பின்னாடியே போனேன். எங்க போய் முடிஞ்சுது தெரியுமா? உங்க படகுத்துறைல."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்களே நிறுத்திடுங்க மாமா. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்கறேன். இல்லன்னா திங்கக்கெழம அடெயெமி சார்கிட்ட சொல்லிருவேன். அம்மா மேல சத்தியம்," என்றான்.

அப்போதுகூட அவன் என்மேல் வைத்திருந்த மரியாதை குறையவில்லை. எழுந்து போகும்போது என் காலைத் தொட்டுவிட்டுத்தான் போனான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம்தான் முகாமில் படை மாறியது. வடகிழக்கில் தீவிரவாதிகளோடு மாதக்கணக்கில் சண்டை போட்டுவிட்டு, ஓய்வுக்கு என்று இங்கே அனுப்பப்பட்ட பையன்கள். கதவு சாத்தும் சத்தத்துக்கே துப்பாக்கியைத் தேடுகிறவர்கள். எங்கள் ஊர் முகம் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. புது மேஜர் கர்பாவைப் பார்க்க ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். நல்ல மனிதர், தூக்கமில்லாத கண். என்ன தகவல் கொடுத்தாலும் அப்படியே நம்பக்கூடியவர்.

"சீஃப், இங்க யாரு நல்லவன், யாரு திருடன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"ரொம்ப சுலபம் சார். நல்லவன் எஞ்சின நிறுத்திக் கைய தூக்குவான். சனிக்கெழம மத்தியானம் நீலப் படகுல ஒருத்தன் தனியா வருவான். நிறுத்தமாட்டான், கையும் தூக்கமாட்டான். அவன்தான் இவனுங்களுக்கு மூளை. ஆயுதம் வச்சிருப்பான், பாத்து."

வெள்ளிக்கிழமை டாரிலாவைக் கூப்பிட்டேன். அவன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன், அவன் பக்கம்தான் நியாயம், துறையில் இருக்கும் வால்வை மூடிவிடுகிறேன் என்றேன். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதோடு ஒன்று சொன்னேன்.

"இனிமே நீ அந்த முகாம்ல கைய தூக்காத. கம்பெனிக் காவல் அதிகாரி நீ, என் அக்கா மகன். திருடனாட்டம் கைய தூக்கிட்டுப் போறது எனக்கே அவமானமா இருக்கு."

"சுட்டுருவானுங்க மாமா."

"மேஜர்கிட்ட நான் பேசிட்டேன்டா. நீலப் படகுன்னு அடையாளம்கூட சொல்லியாச்சு. நிறுத்தாம நேரா போ."

அவன் தரையைப் பார்த்தபடி, "ஒவ்வொரு தடவ தூக்கும்போதும் உள்ளுக்குள்ள எரியும் மாமா. யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றான். கண் கலங்கியிருந்தது. தோளைத் தட்டிக்கொடுத்தேன். தெற்குக் கழியில் கசிவு இருப்பதாகச் சொல்லி, சனிக்கிழமை மதியம் தனியாகப் போய்ப் பார்க்கச் சொன்னேன். தெற்குக் கழிக்கு முகாமைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை மழை வரும்போல இருந்தது. வறுத்த வாழைக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் இங்கே வரை கேட்டது, அவ்வளவு தேவையில்லை என்று தோன்றியது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன்.

வானொலியில் முதல் நாள் எண்ணெய்த் திருடன் சுட்டுக்கொல்லப்பட்டான் என்றார்கள். ஊர்ப் பெண்கள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு முகாமுக்கு முன்னால் படகுகளை நிறுத்தினார்கள். உடனே திருடன் போய், கொள்ளையர் தாக்குதலில் பலியான வீரக் காவலன் என்று செய்தி மாறியது. நம் நாட்டில் செத்த பிறகு முன்னேற நல்ல வாய்ப்பு இருக்கிறது. கம்பெனி சாவு விருந்துக்கு ஒரு மாடு அனுப்பியது. அவன் முகம் அச்சடித்த துணியில் ஊரே ஒரே மாதிரி உடை தைத்துப் போட்டுக்கொண்டது, செலவு என்னுடையது. ஆபத்து கூடிவிட்டதால் காவலைக் குறைப்பது சரியில்லை என்று அடெயெமி இரங்கல் கூட்டத்திலேயே அறிவித்தார். ஒரு வீட்டில்கூட வேலை போகவில்லை. டாரிலா செத்தும் ஊரைக் காப்பாற்றினான் என்று நான் பேசியபோது அழாதவர் இல்லை.

அக்கா மட்டும் அழவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, நடை பழகறதுக்கு முன்னாடியே நான் அவனுக்கு அந்த முகாம்ல கைய தூக்கக் கத்துக்குடுத்தேன். என் மடில உக்காந்து தூக்குவான். அன்னைக்கு மட்டும் அவன் ஏன்டா தூக்கல?"

"ரோஷக்காரன்க்கா."

"ரோஷம் எப்பவும்தான் இருந்துச்சு. தூக்க வேணாம்னு யாரு சொன்னா?"

படித்த பையன், அவனே முடிவு செய்திருப்பான் என்றேன். அவள் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். மறுநாளே அபுஜாவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அலுவலகம் அலுவலகமாக அந்த ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

முன்னால் வந்த இருவரும் சுட்டது யார் என்று கேட்டார்கள். அவன் ஏன் கையைத் தூக்கவில்லை என்று கேட்ட முதல் அதிகாரி நீங்கள்தான். சரியான கேள்விக்குப் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. தூக்காதே என்று சொன்னது நான். தூக்காதவனைச் சுடு என்று சொன்னதும் நான். கொலை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு பிள்ளையைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றினேன் என்று ஓரமாக ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நியாயமாக இருக்கும்.

எழுதி முடித்ததும் நீங்கள் கிளம்பலாம். அந்த நீலப் படகை ஓட்டை அடைத்து வண்ணம் பூசி வைத்திருக்கிறேன், டாங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது. இந்த ஊரில் இன்றைக்குப் பெட்ரோல் உள்ள படகு அது ஒன்றுதான். போக இருப்பதும் முகாம் வழி ஒன்றுதான். நீங்கள் புத்திசாலி, கையைக் கட்டாயம் தூக்குவீர்கள். அதனால்தான் காலையில் நீங்கள் கரையேறியதுமே மேஜரிடம் பேசிவிட்டேன். திருடர்கள் இப்போது கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள், நீலப் படகில் ஒருவன் நல்லவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வருவான், ஏமாந்துவிடாதீர்கள் என்று.

முன்னால் வந்த இருவருக்கும் இதே படகைத்தான் கொடுப்பதாகச் சொன்னேன். இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இங்கேயே உட்கார்ந்து அறிக்கையை முடித்தார்கள். சூப்பை மறுபடி சூடாக்கச் சொல்லட்டுமா?