கீழ்ப்பக்கம் பிடித்தவன்

படியில் பீரோ ஏற்றும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவனுக்குத்தான் கனம் அதிகம். மேலே இருப்பவன் வழி காட்டினால் போதும். இது தெரியாமல் வீடு மாற்றுகிறவர்கள் மேலே வந்து நிற்பவனுக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள்.

சுமை வேலையில் நானும் என் மைத்துனனும் ஜோடி. மனைவியின் தம்பி. மேஸ்திரி தனி ஆளை வண்டியில் ஏற்றமாட்டார், ஜோடியாகத்தான் வரவேண்டும். அவன் இளையவன், அதனால் கீழ்ப்பக்கம் அவனுக்கு. யாரும் பேசி வைக்கவில்லை, அப்படியே அமைந்துவிட்டது.

போன வருடம் அவனுக்கு இடது இடுப்பு கெட்டது. நடந்தால் ஒரு பக்கம் சாய்வான்.

"என்ன மாப்ளே, ரோட்டை அளக்கறியா?" என்பேன்.

"அளந்து உங்க பேர்லயே எழுதி வெச்சிடறேன் மாமா" என்பான்.

அந்த நாட்களில் கீழ்ப்பக்கத்தை நான் பிடித்தேன். அதை ஒரு தரம்கூடச் சொல்லிக் காட்டியதில்லை.

பிசியோதெரபி அம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனதும் நான்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா அவனை இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றான், வலது இடுப்பு பொசுக்கென்று இறங்கியது. புட்டத்துப் பக்கவாட்டுத் தசை முடிச்சு விழுந்து கிடக்கிறது, இடுப்பைத் தாங்க அதற்குப் பலமில்லை என்றார். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊசி இறக்கினார். முடி போல மெல்லிய ஊசி. மருந்து எதுவும் கிடையாது, வெறும் ஊசி. தூங்குகிறவன் காலை உதறுவதுபோல் தசை ஒரு உதறு உதறி அடங்கியது.

"மாமா, உள்ள யாரோ குடியிருக்கான்" என்றான் அவன். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

ஊசி, அதற்கப்புறம் பயிற்சி. சுவரோரம் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்குவான். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். ஒருநாள் சமையலறை வாசலில் ஒற்றைக் காலில் நின்று காட்டினான். இடுப்பு ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல் சாயாமல் நின்றது. அவன் அக்காவுக்குக் கண் கலங்கியது. எனக்கும் சந்தோஷம்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னான்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. அடுத்த மாசம் மேஸ்திரி பையனோட ஜோடி சேரலாம்னு இருக்கேன். உங்களுக்கு முன்னமாதிரி பிடி நிக்கறதில்ல."

"அப்ப நான்?"

"நீங்க வீட்ல இருங்க. எத்தனை காலம்தான் தூக்குவீங்க?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவன் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

கடைசி ஊசி போட்ட அன்று, அவன் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தான். அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னார்: "இன்னைக்குக் கொஞ்சம் ஆழமா போட்டிருக்கேன். ரெண்டு நாளைக்கு வலிக்கும், பலம் கம்மியா இருக்கும். கனம் தூக்க விடாதீங்க. அவர் சொன்னா கேக்கமாட்டார், நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவன் வெளியே வந்து கேட்டான்: "என்ன சொல்றாங்க?"

"நாளைக்கே தூக்கலாமாம். தூக்கினாத்தான் பலம் ஏறுமாம்."

மறுநாள் இரும்பு பீரோ, மூன்றாவது மாடி, குறுகலான படி. "பழையபடி கீழ்ப்பக்கம் நீ பிடி" என்றேன். சந்தோஷமாகப் பிடித்தான். மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டான்.

"மாமா, இடுப்பு நடுங்குது. கெட்டியா பிடிச்சுக்குங்க."

"பிடிச்சிருக்கேன்" என்றேன். பிறகு விட்டேன்.

தள்ளவில்லை. அதை மட்டும் சரியாக எழுதுங்கள். கையை எடுத்தேன், அவ்வளவுதான்.

ஊசி போட்டதால்தான் கால் துவண்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். என் மனைவி அந்த அம்மாவின் வாசலில் போய் நின்று கத்திவிட்டு வந்தாள். இப்போது அங்கே பூட்டுத் தொங்குகிறது. அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். ஊசிமேல் குற்றமில்லை. அது அவனை நிமிர்த்தியது. முதுகை ஒடித்தது பீரோ.

இனி நடக்கமாட்டான் என்கிறார்கள். தூக்கி உட்காரவைப்பதும் கழுவிவிடுவதும் நான்தான். மேல்பக்கம் கீழ்ப்பக்கம் என்ற பேச்சே இல்லை, முழுக் கனமும் எனக்குத்தான். நேற்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உங்கள விட்டுட்டுப் போகப் பாத்தேனே மாமா" என்றான்.

அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.