நகல் பிரிவு வருமானம்

நல்ல டீ குடிக்க வேண்டுமானால் எங்கள் கோர்ட் வாசலுக்குத்தான் வர வேண்டும், சார். பார்த்திபன் போடுகிற டீக்கு ஆரணியிலேயே ஈடு கிடையாது. பக்கத்தில் சுபத்ராவின் ஜெராக்ஸ் கடை, எதிரே டைப் அடிப்பவர்கள், ஆட்டோக்காரர்கள். அத்தனை பேர் வீட்டு அடுப்பும் வாடகைக் கட்டடத்தில் நடக்கிற அந்தச் சின்னக் கோர்ட்டை நம்பித்தான் எரிகிறது.

அதைச் செய்யாறுக்குத் தூக்கிக்கொண்டு போகப்போவதாகப் பேச்சு வந்தது. வழக்கும் குறைவு, வருமானமும் குறைவு என்றார்கள். நான் அந்தக் கோர்ட்டில் நகல் பிரிவுக்காரன். என்னால் ஆனதைச் செய்வோம் என்று இறங்கினேன்.

தீர்ப்பு நகல் கேட்பவர்கள் மனுவில் கோர்ட் கட்டண வில்லை ஒட்டித் தர வேண்டும். பிறகு எத்தனை முத்திரைத்தாள் கட்ட வேண்டும் என்று பெயரோடு பலகையில் பட்டியல் ஒட்டுவோம். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி; மறுபடி புது மனு, புது வில்லை. நான் செய்தது இவ்வளவுதான். காலையில் ஒட்டிய பட்டியலை வெளியூர் பஸ் வருவதற்குள் கிழித்துவிடுவேன். எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் போனில் சொல்லிவிடுவேன். அடடா, வருமானம் எப்படி ஏறியது தெரியுமா, சார். ஒரு பைசா நான் தொட்டதில்லை, எல்லாம் சர்க்காருக்கு. கோர்ட் இங்கேயே இருக்கும் என்று உத்தரவு வந்த அன்று பார்த்திபன் எல்லோருக்கும் ஓசி டீ கொடுத்தான்.

படவேட்டுப் பக்கத்திலிருந்து செல்லியம்மாள் என்று ஒரு கூலிக்கார அம்மா வருவாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு. அப்பீல் போட நகல் வேண்டும். அவள் ஊருக்குப் பஸ்ஸே எப்போதோ ஒன்றுதான்.

“இன்னா சார், இன்னிக்காச்சும் வந்துச்சா?”

“கெடு போயிடுச்சேம்மா. புதுசா ஒண்ணு போடு, ஜல்தியா வாங்கிடலாம்.”

“பேஜார் புடிச்ச வேலையா கீது சார் இது,” என்று சிரிப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். சீத்தாப்பழம் கொண்டுவருவாள். வாங்க மாட்டேன், லஞ்சம் எனக்கு ஆகாது.

அப்பீல் போடவும் ஒரு கெடு உண்டு; நகலுக்குக் காத்திருந்த நாட்களை அதில் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடுவார்கள். தள்ளுபடியான மனுவின் நாட்களைக் கழிக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது.

அப்பீல் கெடு முடிந்தது, பொக்லைன் வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த அவள் புருஷன் காத்தவராயனைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்களாம். அந்த வாரம் பூராவும் மழை. மனுஷன் தாங்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டதும் ஆடிப்போய்விட்டேன், சார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கருமாதி முடிந்து அவள் வந்தாள். “இங்க நீங்க ஒருத்தர்தான் சார் மூஞ்சி குடுத்துப் பேசினீங்க,” என்று கும்பிட்டாள். இலவச மனை கேட்டு மனுக் கொடுக்க அதே தீர்ப்பின் நகல் வேண்டுமாம். டீ வாங்கிக் கொடுத்து, புது மனுவில் புது வில்லை ஒட்டவைத்தேன். அடுத்த வாரம் அவள் பெயரை என் கையாலேயே பலகையில் ஒட்டினேன். வழக்கம்போலப் பஸ் வருவதற்குள் கிழித்தும்விட்டேன். ஒருத்திக்காக ஒழுங்கை மாற்றினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், சார்?